குசினிப் பின்படி

ஓட்டு வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு மாரிக்கு முந்தின மாதம் ஓய்வே கிடையாது, ஐயா. முகட்டு ஓடு விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியில் அடைந்த வேப்பஞ்சருகை வார வேண்டும். கறையான் ஏறின மரத்துக்குக் கழிவெண்ணெய் பூச வேண்டும். எழுபதை நெருங்குகிற வயதிலும் இதற்கெல்லாம் நான் கூலிக்கு ஆள் பிடித்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டில் ஓட்டு வேலைதான் நடந்துகொண்டிருந்தது. அந்த நாளிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்கிறீர்கள். அங்கிருந்து தொடங்கினால் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள். கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

என் பெயர் கதிராமன். திருகோணமலைத் துறைமுகத்து வேலைத்தலத்தில் மெசின் பூட்டுகிற பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு வெருகலுக்கு இப்பால், வயலும் கடலும் கிட்டக் கிட்ட வருகிற இடத்தில் இருக்கிறது. இரண்டாயிரத்து ஆறில் ஷெல் விழத் தொடங்கி ஊரே எழும்பி வாகரைப் பக்கம் ஓடியபோது நானும் மனுசி இலட்சுமியும் மகள் நிருசாவும் உடுத்த துணியோடு ஓடினோம். பிறகு மட்டக்களப்பில் முகாம். கூடாரத்துக்குள் வெள்ளம் வந்த ஒரு மழைநாளில் இலட்சுமி என்னிடம், "இனி ஒருக்கா அந்த வீட்டுக்குப் போனால் நான் வேற எங்கயும் வரமாட்டன். என்ர வீட்டு முத்தத்திலதான் சாவன்" என்று சொன்னாள். அழுதபடி சொன்னாள். நான் அதை மறக்கவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு, யன்னல் எல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சாமியறையில் என் இடுப்பளவுக்குப் புற்று எழும்பியிருந்தது. அந்தப் புற்றை வெட்டினதும் நான், சுவரை எழுப்பினதும் நான், ஓடு போட்டதும் நான். அந்த வீட்டில் நான் கை வைக்காத ஒரு கல்லும் இல்லை.

நிருசா கலியாணம் முடித்துத் திருகோணமலைப் பட்டணத்து ஓர்ஸ் ஹில்லுக்குப் போனாள். மருமகன் யதுர்சன் பட்டணத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்தான். நல்ல பிள்ளை. அவனைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு ஜதுசா என்று ஒரு சின்னப் பிள்ளை.

வீட்டில் மிஞ்சினது நானும் இலட்சுமியும். அவளுக்குச் சுகர். காலையில் இன்சுலின் ஊசி போடுவது நான். பின்னேரத்தில் அவளுடைய பாதத்தை மடியில் வைத்து, வெடிப்பு இருக்கிறதா, முள் குத்தியிருக்கிறதா என்று விரல் இடுக்கெல்லாம் பார்ப்பதும் நான்தான். கனகரத்தினத்தின் மனுசி, பக்கத்து வளவுக்காரி, இதைப் பார்த்துத் தன் புருசனை ஏசுவாளாம். எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஒரு சாமானை ஒழுங்காகப் பராமரித்தால் அது நீண்ட காலத்துக்கு நிற்கும்.

குரங்குகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நிருசா உங்களிடம் அதைச் சொல்லியிருப்பாள். காடு வெட்டுப்பட்ட பிறகு குரங்குகள் கூட்டமாக வந்து ஓட்டில் குதிக்கத் தொடங்கின. ஒரு காலைக்குள் பத்துப் பதினைந்து ஓட்டை உடைத்துவிடும். வெடி கொளுத்திப் பார்த்தேன், பழகிவிட்டன. கடைசியில் பழைய மீன்வலையைப் பப்பாசி மரத்தடியில் விரித்து ஒன்றைப் பிடித்தேன். பெட்டைக் குரங்கு. வலைக்குள் வைத்தே மண்வெட்டிப் பிடியால் அடித்தேன். உடனே சாகவில்லை. மனுசர் மாதிரிக் கையால் தலையைப் பொத்திக்கொண்டது. செத்த பிறகு மற்றக் குரங்குகளுக்குத் தெரியட்டும் என்று பின்வேலியில் கட்டித் தொங்கவிட்டேன். அதன் பிறகு குரங்கு வரவில்லை. அது நாறி விழும்வரை இலட்சுமியும் கிணற்றடிப் பக்கம் வரவில்லை. பல நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு. சுகர்காரி சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று நான் கரண்டியால் ஊட்டினேன்.

இந்த வருசத் தொடக்கத்தில் அவளுக்கு முகம் வீங்கியது. பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது, அடிக்கடி கிளினிக்குக்கு வரவேண்டும், தேவைப்பட்டால் மெசினில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அன்று பின்னேரமே நிருசா கேட்டாள், "அம்மா எங்களோட இருக்கட்டும் அப்பா. கிட்டவாயும் இருக்கும்" என்று. நான் பார்ப்போம் என்றேன். ஊருக்கு வந்து பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது இலட்சுமி சொன்னாள்.

"நான் பிள்ளையோட போகப்போறன்."

"வீடு?"

"வீட்டை நீங்கள் பாருங்கோ. விருப்பமெண்டால் நீங்களும் வாங்கோ. எனக்கு இஞ்ச ஏலாது."

"என்ன ஏலாது? என்ன குறை வைச்சனான்?"

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "ஒரு குறையும் வைக்கேல்ல. அதுதான் ஏலாமக் கிடக்கு" என்றாள்.

நோய்க்காரர் சொல்வதையெல்லாம் மனதில் எடுக்கக் கூடாது. நான் எடுக்கவில்லை.

அவள் உடுப்புகளை ஒரு பைக்குள் அடுக்கி வைத்திருந்தாள். யதுர்சன் சனிக்கிழமை வாகனம் கொண்டு வருவதாக இருந்தது. அதற்கு முன்னால், வியாழக்கிழமை காலையில், முகம் கழுவக் கிணற்றடிக்குப் போக வெளிக்கிட்டவள் குசினிப் பின்படியில் கால் வைத்தாள். படியின் முன்பக்கம் அப்படியே இடிந்து விழுந்தது. அது வெடித்துப்போன படி. கட்டித் தாருங்கோ என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் கிணற்றடியில்தான் நின்றேன். அவள் பக்கவாட்டில் விழுந்தாள். எலும்பு முறிகிற சத்தம், காய்ந்த தென்னமட்டையை முழங்காலில் வைத்து முறிக்கிற மாதிரி, எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவளைத் தூக்கவில்லை. இடுப்பு முறிந்தவர்களை இழுத்துத் தூக்கினால் இன்னும் பழுதாகும். கதவுப் பலகையைக் கழற்றி அதில் மெல்லச் சரித்து, கனகரத்தினத்தைக் கூப்பிட்டுப் பிடித்து, அம்புலன்ஸ் வரும்வரை குடை பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் அந்த நேரம் முழுவதும் உடைந்த படியையே பார்த்தாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் இடுப்புக்குள் உலோகம் வைத்துப் பூட்டினார்கள். வாட்டில் நடக்கப் பழக்குகிற பஸ்மியா என்ற கிண்ணியா முஸ்லிம் பிள்ளை, நான் இலட்சுமிக்குப் படுக்கையிலேயே மலப் பீங்கான் வைத்துக் கழுவித் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு மாப்பிள்ள கிடைக்க நீங்க குடுத்து வெச்சிரிக்கணும் உம்மா" என்றாள். புருசனைத்தான் அவர்கள் மாப்பிள்ளை என்பார்கள். இலட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிருசாவின் வீடு மாடியில், மேல் தட்டில் இருக்கிறது. செங்குத்தான படிக்கட்டு. இடுப்பு முறிந்த ஒருத்தியை அங்கே ஏற்ற ஏலாது. அதனால் அவள் என்னிடம்தான் திரும்பி வந்தாள். "நடக்கத் தொடங்கும்வரைக்கும்தான் அப்பா" என்றாள் நிருசா. ஓம் என்றேன்.

அவள் வருமுன் வீட்டை முழுக்க மாற்றியிருந்தேன். கட்டிலிலிருந்து குசினி வழியாகக் கக்கூஸ்வரை சுவரில் இரும்புக் குழாய் பூட்டினேன், அவள் பிடித்துக்கொண்டு போக. முன்வாசல் படியை மூடிச் சீமெந்தில் சரிவு கட்டினேன். பழைய கதிரையின் நடுவை வெட்டி மலசலக் கதிரை செய்தேன். குசினிப் பின்படியையும் கட்டினேன். புதுச் சீமெந்து, முனையில் கம்பி. யானை ஏறினாலும் உடையாது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த மாதங்களைப் போல ஒரு காலம் எங்கள் கலியாண வாழ்க்கையில் இருந்ததில்லை. அவள் எங்கேயும் போகவில்லை. காலையில் கூப்பிட்டால் அதே இடத்தில் இருப்பாள். கிளினிக்குக்கு அவளை அலைக்கழிக்க வேண்டாம் என்று நானே மருந்துத் துண்டைக் கொண்டுபோய் மருந்து எடுத்து வந்தேன். ஆளைக் கொண்டு வா என்று இரண்டு முறை சொன்னார்கள். றோட்டு சரியில்லை என்றேன். அவளுடைய கால் இரண்டும் வீங்கின. இரவில் மூச்சு வாங்கினாள். தலையணையை உயர்த்தி வைத்தேன்.

யதுர்சன் ஞாயிறு தவறாமல் மோட்டார் சைக்கிளில் வருவான். அவன்தான் அவளுக்கு வோக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கினான். அவன் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பான், அவள் முன்னால் வருவாள். "வாங்கோ மாமி, இன்னும் ஒரு அடி. ஜதுசா கேக்கிறாள், அம்மம்மா எப்ப வருவா எண்டு" என்பான். அவள் சிரிப்பாள். என்னோடு நடக்கும்போது நோகுது என்று இருந்துவிடுகிறவள், அவனோடு விறாந்தை முழுக்க நடந்தாள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இனி அந்த ஞாயிறு.

அவன் காலையில் வந்தபோது நான் வீட்டின் பின்பக்கம், கிணற்றடியில், ஏணியைச் சார்த்திக்கொண்டிருந்தேன். "இந்த வயசில நீங்கள் ஏறாதேங்கோ மாமா, நான் ஏறுறன்" என்று போட்டிருந்த சேட்டைக் கழற்றிவிட்டு ஏறினான். ஓட்டு வேலை அவனுக்குத் தெரியாது. நான் கீழே நின்று சொல்லச் சொல்ல மாற்றினான். கெட்டித்தனமாகத்தான் செய்தான். வெயில் ஏறும்போது வேலை முடிந்தது. ஏணியின் மேல்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கூரை ஓரத்தில் குந்தியிருந்து, வியர்வையைத் துடைத்தான். இறங்கவில்லை.

"மாமா, மாமிக்குக் கேக்கக் கூடாது. அதுதான் இஞ்ச இருந்து சொல்லுறன்."

"சொல்லும் தம்பி."

"நாங்கள் கீழ்வீடு ஒண்டு எடுத்திட்டம். படியில்லை. நாளைக்கு வாகனம் வரும். மாமியைக் கூட்டிக்கொண்டு போறம்."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமி இன்னொண்டும் சொன்னவ. விழுறதுக்கு முதல் நாள் பின்னேரம், தான் படுத்துக் கிடக்கேக்க, குசினிப் பக்கம் உளிச் சத்தம் கேட்டதாம். நான் நம்பேல்ல. பிறகு போய், நீங்கள் வேலிக்கரையில போட்ட அந்தப் பழைய படித்துண்டைப் பிரட்டிப் பாத்தனான்." அவன் குரல் இறங்கியது. "அடியில உளி பட்ட தடம் கிடக்கு மாமா. அது தானா உடைஞ்ச படியில்லை."

"ஆருக்குச் சொன்னனீர்?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்ல. நிருசா தாங்கமாட்டா. நான் பொலிசுக்கும் போகமாட்டன். மாமியை மட்டும் விடுங்கோ. அது போதும் எனக்கு."

அவன் சொன்னது உண்மை, ஐயா. படியின் அடிச்சாந்தை நான்தான் உளியால் குடைந்து எடுத்தேன். மேல்பூச்சை மட்டும் விட்டேன். அவள் கால் பிசகும், சனிக்கிழமைப் பயணம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். இடுப்பு முறியும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் இடுப்பு முறிந்ததால்தான் அவளுக்கு அத்தனை மாதம் வீட்டில் இருக்கக் கிடைத்தது. கணுக்கால் என்றால் இரண்டு கிழமையில் மாறியிருக்கும்.

ஒருத்தருக்கும் சொல்லவில்லை என்று அவன் சொன்னபோது அவனுடைய நல்ல மனதை நான் உணராமல் இல்லை. அதே நேரம், இந்த விஷயம் தெரிந்தவன் இந்தக் கூரையில் இருக்கிற ஒருவன்தான் என்பதும் எனக்கு விளங்கியது.

அவன் இரண்டாவது காலையும் ஏணிக்கு மாற்றுகிற நேரத்தில் ஏணியின் அடியை என் பக்கம் இழுத்தேன். அவன் கூப்பிடக்கூட இல்லை. கிணற்றுச் சீமெந்துத் தளத்தில் விழுந்தான். வலது காலின் கீழ் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. தலை பிளக்கவில்லை. கண் திறந்திருந்தது. மூச்சு வந்ததும், "மாமா, நிருசாவுக்குப் போனில ஒரு கோல் எடுங்கோ" என்றான். நான் இழுத்துவிட்டேன் என்று அவனுக்கு அப்போதும் விளங்கவில்லை. ஏணி வழுக்கினது என்று நினைத்தான்போல. போன் அவனுடைய காற்சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். பிறகு வேலியோரம் சார்த்தியிருந்த, குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டான். பின்பக்கமாகக் கையூன்றி நகரப் பார்த்தான். முறிந்த கால் கூடவே இழுபட்டது. "மாமா, ஜதுசா" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. முதலடி சரியாக விழவில்லை. கையைக் குறுக்கே பிடித்ததால் விரல்கள்தான் நொறுங்கின. அலவாங்கு பாரம், என் வயதில் அதை உயர்த்தினால் தோள்மூட்டு பிடிக்கும். அதனால் உயர்த்தாமல், நிலத்தில் குழி போடுகிற மாதிரி நேராகக் குத்தினேன். அது இலேசாக இருந்தது. நெற்றி உள்ளே இறங்கினதும் கால் கொஞ்ச நேரம் துடித்து நின்றது. அவன் வேதனைப்படக் கூடாது என்று இன்னும் சில தடவை குத்தினேன். முகம் இல்லாமல் போய்விட்டது. அதை நிருசா பார்த்திருக்கத் தேவையில்லை. அந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஆட்கள் கவனமாக இருந்திருக்கலாம்.

கூரைக்குப் போட வாங்கின நீலத் தார்ப்பாய்ப் படங்கால் அவனை மூடினேன். இரத்தம் காய்ந்தால் சீமெந்தில் கறை பிடிக்கும். ஆகவே உடனே வாளியால் இறைத்து ஊற்றி, தென்னந்தும்பால் உரஞ்சிக் கழுவினேன். நிமிர்ந்து பார்த்தபோது குசினி வாசலில் இலட்சுமி நின்றாள்.

வோக்கர் இல்லை. நான் பூட்டின குழாயைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து அவ்வளவு தூரம் தனியே வந்திருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அவள் கத்தவில்லை. திரும்பினாள். குழாய் முடிகிற இடத்திலிருந்து சுவரைப் பிடித்து, விறாந்தையைக் கடந்து, நான் கட்டின சரிவில் இறங்கி, வேலிப் படலையைத் திறந்து வெளியே மணல் ஒழுங்கைக்குப் போய்விட்டாள். நான் கையைக் கழுவிவிட்டுப் பின்னால் போனேன். அவசரப்படவில்லை. மணலில் நடக்க அவளுக்கு ஏலாது என்று தெரியும். வேலிக்கரையில் இருந்துவிட்டாள்.

"என்னைத் தொடாதேங்கோ" என்றாள். பிறகு, "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். என்னைப் பிள்ளையிட்ட விடுங்கோ" என்றாள்.

தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்தினேன். முந்தி மாதிரி இல்லை, மெலிந்துபோயிருந்தாள். பாதத்தில் முள் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. நான் பக்கத்தில் இருந்து யோசித்தேன். அவள் நடக்கிறாள். எல்லாரும் கோயிலுக்கு நேர்ந்தது அதற்குத்தான். ஆனால் இன்று ஒழுங்கைவரை போனவள் நாளைக்குப் பஸ் நிற்கிற இடம்வரை போவாள். கிளினிக், மெசின், கீழ்வீடு என்று மற்றவர்களின் கையில் போய் விழுவாள். ஒவ்வொரு நாளும் நான் கதவைப் பூட்டிக்கொண்டு திரிய ஏலாது. பூட்டி வைத்தால் அது சிறை.

சாமான் பெட்டியிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்தேன். சுகர்காரருக்குத் தோல் கிழிந்தால் புண் ஆறாது. அதனால் சுத்தியலின் தலையில் அவளுடைய குளிக்கிற துவாயை நாலாக மடித்துச் சுற்றிக் கட்டினேன். உலோகம் வைத்த பக்கத்தைத் தொடவில்லை. மற்றப் பக்கம். அவளுடைய வாயைப் பொத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, பொத்தியிருக்க வேண்டும். மூன்றாம் அடியில்தான் எலும்பு விட்டுக்கொடுத்தது. தோல் கிழியவில்லை. கன்றிப்போனது மட்டும்தான்.

பிறகு அவளுக்கு மத்தியான மருந்தைக் கொடுத்தேன். நேரம் தவறவில்லை. தண்ணீரைத் துப்பிவிட்டாள், வாயைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை கொடுத்தேன்.

கனகரத்தினம் வந்தது அந்தக் கத்தலுக்காக இல்லை. கிணற்றடித் தண்ணீர் எங்கள் வளவின் வாய்க்காலால் அவனுடைய வாழைப்பாத்திக்குத்தான் ஓடும். சிவப்பாகத் தண்ணீர் வந்ததைக் கண்டு, எங்கள் வீட்டில் ஆடு ஏதும் அடித்திருக்கிறோம் என்று நினைத்து, கறி கேட்க வந்திருக்கிறான். வேலிக்கு மேலால் படங்கைக் கண்டான். படங்கின் ஓரத்தில் யதுர்சனின் கால் தெரிந்தது. அதன் பிறகுதான் உள்ளேயிருந்து இலட்சுமியின் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. "கதிராமண்ணை, என்ன செய்தனீங்கள்?" என்றான். "வீட்டு வேலை" என்றேன். அவன் ஓடினான். நான் ஓடவில்லை. உங்கள் ஜீப் வந்தபோது இலட்சுமியின் தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தேன் என்று உங்கள் ஆட்களே எழுதியிருப்பார்கள்.

நிருசா பொலிசுக்கு வந்து கம்பிக்கு அப்பால் நின்றாள். ஏன் அப்பா என்று கேட்பாள் என்று நினைத்துப் பதிலை வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "அம்மாவை நீங்கள் பாத்த மாதிரி ஒருத்தரும் பாக்கமாட்டினம் எண்டு நான் எல்லாரிட்டயும் சொன்னனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு ஒரு காலத்தில் விளங்கும்.

இனி நீங்கள் எழுதிக்கொள்ளலாம். படியைக் குடைந்தது நான். யதுர்சனை ஏணியோடு இழுத்து விழுத்தியதும், அலவாங்கால் குத்திக் கொன்றதும் நான். இலட்சுமியின் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் முறித்ததும் நான். வேறு யாரும் இதில் இல்லை. கோபத்தில் ஒன்றும் செய்யவில்லை. அவளை நான் ஒருநாளும் கோபத்தில் தொட்டதில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நீங்கள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் வாக்குமூலம் கேட்டதாகச் சொன்னீர்கள். அவள் எதற்கும் வாய் திறக்கவில்லை என்றீர்கள். நீங்கள் எழும்பும்போது ஒரேயொரு கேள்வி மட்டும் கேட்டாளாம். "அவர் இப்ப எங்க? கதவு பூட்டித்தான் கிடக்கோ?" என்று. நீங்கள் பூட்டித்தான் கிடக்கிறது என்று சொன்ன பிறகுதான் கண்ணை மூடினாளாம்.

பார்த்தீர்களா, ஐயா. இவ்வளவு நோவுக்குள்ளும் அவள் விசாரித்தது என்னைத்தான்.